ஸர் அசுதோஷ் முக்கர்ஜி: கல்வியும் பொருளும்

கல்வியின் பெருமையைக் கூறாத அறநூல் தமிழில் இல்லை. அது பிறராற் கவரப்படாத செல்வம் என்றும், கொடுக்குந்தோறும் வளர்வது என்றும் நாம் இளமைதொட்டுக் கேட்டு வருகின்றோம். ஆயினும் அக்கல்வியை வழங்கும் கழகங்கள் பொருளின்றி ஒரு நாளும் நடைபெறா. ஆசிரியர்க்கு ஊதியம் வேண்டும். நூல்நிலையத்திற்கு நூல்கள் வேண்டும். விஞ்ஞானச் சாலைக்குக் கருவிகள் வேண்டும். கொடுக்கக் குறையாத செல்வத்தைக் கொடுப்பதற்கு, கொடுக்கக் குறையும் செல்வம் இன்றியமையாததாக இருக்கிறது. இஃது உலக இயல்பு.

எம்மூராகிய சங்கரன்கோவிலைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. அங்குள்ள முதியோர் ஒரு குளத்தைக் காணின், முதலில் அதன் கரையழகைப் பாரார். வரத்துக்கால் தூர்ந்திருக்கிறதா, மடை ஒழுகுகிறதா என்றே பார்ப்பர். வரத்தும் மடையும் செவ்வையாயிருந்தாலன்றிப் பயிர் விளையாதென்பது அவர்கள் பட்டறிந்த பாடம். பல்கலைக் கழகமும் ஒரு குளம் போல்வதே. அதற்குப் பொருள் எவ்வழியே வருகிறது, எவ்வழியே செல்கிறது என்பவற்றைக் கொண்டே அங்கு விளையும் கல்வியின் தரத்தைக் கணிக்கலாம். மதிற்சுவரும் மணிக்கூண்டும் கரையழகு மாத்திரமே.

இவ்வுண்மையை ஏட்டிற் படியாமல் வாழ்க்கையிற் கண்டு, அதன் நன்மையையும் தீமையையும் ஒருங்கே அனுபவித்த பெரியார் ஒருவர் வங்க நாட்டில் வாழ்ந்தார். வங்கப் புலி என்று மக்கள் அழைத்த ஸர் அசுதோஷ் முக்கர்ஜியே அவர். அவர் வரலாற்றை மாணவராகிய நாம் அறிந்து கொள்வது நலம்.

பிறப்பும் கல்வியும்

அசுதோஷ் 1864ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆம் நாள் கல்கத்தா நகரிற் பிறந்தார். தந்தையார் கங்காபிரசாத் முக்கர்ஜி ஒரு மருத்துவர். தம் மகன் கல்வியைத் தம் சொந்தக் கருமமாகவே கருதி வளர்த்தவர். இளமையிலேயே அசுதோஷுக்குக் கணிதத்தில் அளவு கடந்த வேட்கை உண்டாயிற்று. மாநிலக் கலாசாலையிற் பயிலுங் காலத்திலேயே அவர் எழுதிய கணிதக் கட்டுரைகள் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் வெளிவந்தன. 1885ஆம் ஆண்டில் கணிதத்திலும், அடுத்த ஆண்டில் இயற்கை விஞ்ஞானத்திலும் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1886ஆம் ஆண்டிலேயே பிரேம்சந்த் ராய்சந்த் பரிசும் அவருக்குக் கிடைத்தது. அப்பரிசு அக்காலத்தில் கல்கத்தாப் பல்கலைக் கழகம் அளித்த பெருஞ் சிறப்புக்களுள் ஒன்று.

டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876ஆம் ஆண்டில் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் அவர் கணிதச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அக்கழகத்தின் பெயரை வாசகர்கள் மனத்தில் வைத்துக் கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் அது மீண்டும் வரும்.

கைகூடாத ஆசை

1889ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயது நிரம்புமுன்னரே, அசுதோஷ் பல்கலைக் கழகச் செனெட் சபையில் இடம்பெற்றார். அவர் உள்ளத்திலிருந்த ஆசையோ வேறு. கணித ஆராய்ச்சியிலேயே தம் வாழ்நாளைக் கழிக்க வேண்டுமென்பதே அது. அந்நாளில் துணைவேந்தராயிருந்த ஸர் குருதாஸ் பானர்ஜியும் அவருக்குப் பல்கலைக் கழகத்தில் ஒரு பேராசிரியர் பதவியை உண்டாக்க விரும்பினார். ஆனால் அதற்கு வேண்டிய நிதி சேரவில்லை.

அந்நாளைய பல்கலைக் கழகங்களின் அமைப்பை அறிந்தாலன்றி இது நமக்கு விளங்காது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக் கழகங்களும் 1857ஆம் ஆண்டில் தோன்றின. அவை கற்பிக்கும் இடங்களல்ல. பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் காரியாலயங்களே. கற்பிக்கும் வேலையைக் கலாசாலைகள் செய்தன. பரீட்சைக் கட்டணம் வரும்; வினாத்தாள் அச்சிடுவதற்கும், விடைத்தாள் திருத்துவோர்க்கும் அது செலவாகும். ஆராய்ச்சி செய்யும் ஒருவனுக்கு அக்கணக்கேட்டில் ஒரு வரியும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

எனவே அசுதோஷ் வக்கீலானார். 1894ஆம் ஆண்டில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1904ஆம் ஆண்டில் கல்கத்தா ஹைகோர்ட்டு நீதிபதியானார். நாடு ஒரு சிறந்த நீதிபதியைப் பெற்றது. ஒரு கணித அறிஞரை இழந்தது. அவ்விழப்பிற்குக் காரணம் அறிவின் குறைவன்று, கணக்கேட்டில் ஒரு வரியின் குறைவே.

நம் நாட்டு வரலாற்றோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்திற் கணக்கெழுதிக் கொண்டிருந்த சீனிவாச இராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக் கழகம் 1913ஆம் ஆண்டில் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. அவரிடம் பட்டமில்லை, விதிகளும் அவருக்கு இடம் தரவில்லை. இருந்தும் அச்சிறு தொகை ஒதுக்கப்பட்டது. அதனால் விளைந்த பயனை உலகம் அறியும். கல்கத்தாவில் ஒதுக்கப்படாத தொகையும், சென்னையில் ஒதுக்கப்பட்ட தொகையும் பெருந்தொகைகள் அல்ல. பயனோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உடையது.

துணைவேந்தர்

1904ஆம் ஆண்டில் இந்தியப் பல்கலைக் கழகச் சட்டம் நிறைவேறிற்று. கர்ஸான் பிரபு கொணர்ந்த அச்சட்டம் கல்விக் கழகங்களை அரசாங்கத்தின் பிடிக்குள் வைப்பதற்கே வந்ததென்று நாட்டுத் தலைவர் பலர் அதனை வெறுத்தனர். ஆயினும் அச்சட்டத்துள் ஒரு வாயில் திறந்திருந்தது. பல்கலைக் கழகங்கள் தாமே பேராசிரியர்களை நியமித்துக் கற்பிக்கலாம் என்பதே அது. அவ்வாயிலைக் கண்டவர் பலர். அதன் வழியே நுழைந்தவர் அசுதோஷ்.

1906ஆம் ஆண்டில் அவர் துணைவேந்தராக நியமிக்கப் பெற்றார். 1914ஆம் ஆண்டு வரை எட்டு ஆண்டுகள் இடைவிடாது அப்பதவியிலிருந்தார். அக்காலத்தில் அப்பதவிக்கு ஊதியம் இல்லை. பகலில் நீதிமன்றம், அது கலைந்தபின் பல்கலைக் கழகம், இரவில் வழக்குகளின் தீர்ப்புரை. இவ்வாறு ஒருவரே இருவராக உழைத்தார். பரீட்சைக் காரியாலயமாகக் கிடந்த கழகத்தை ஆராய்ச்சிக் கழகமாக்க வேண்டுமென்பதே அவர் நோக்கம். அதற்கு முதலில் வேண்டியது பொருள்.

அரசாங்கத்தின் மானியத்தை மாத்திரம் நம்பியிருப்பதில் உள்ள இடர் அவருக்குச் சீக்கிரம் விளங்கிற்று. 1913ஆம் ஆண்டில் பல்கலைக் கழகம் தெரிந்தெடுத்த விரிவுரையாளர் மூவரை, அரசியலில் தொடர்புடையார் என்ற காரணம் பற்றி இந்திய அரசாங்கம் ஏற்க மறுத்தது. அம்மூவருள் ஒருவர் பிற்காலத்தில் வரலாற்றறிஞராகப் புகழ்பெற்ற ஜயஸ்வால். புலமை வேறு, அரசியல் வேறு என்று எடுத்துரைத்தும் பயனில்லாமற் போயிற்று.

கொடையாளர் இருவர்

ஆதலின் அசுதோஷ் தம் நாட்டுச் செல்வரை நாடினார். ஸர் தாரகநாத் பாலித் என்னும் வழக்கறிஞர் 1912ஆம் ஆண்டில் நிலமும் பணமுமாக ஏறக்குறைய 15 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள பொருளைப் பல்கலைக் கழகத்திற்கு எழுதி வைத்தார். அடுத்த ஆண்டில் ஸர் ராஸ்பிகாரி கோஷ் என்னும் மற்றொரு வழக்கறிஞர் 10 இலட்சம் ரூபாய் அளித்தார். 1919ஆம் ஆண்டில் மேலும் பெருந்தொகை ஒன்றை வழங்கினார். வழக்காடிச் சேர்த்த பொருள் விஞ்ஞானத்திற்கு உரமாயிற்று.

இக்கொடைகளைக் கொண்டு பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. அவற்றில் இந்தியரே அமர வேண்டும் என்பது கொடையாளர் விதித்த நிபந்தனை. அந்நாளில் உயர்ந்த ஆசிரியப் பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியர்க்கே உரியனவாயிருந்தன. இந்தியன் ஆராய்ச்சிக்குத் தகுதியுடையவனா என்று ஐயுற்றவர்க்கு, இந்நிபந்தனை விடையாக அமைந்தது. 1914ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் விஞ்ஞானக் கலாசாலைக்கு அசுதோஷ் அடிக்கல் நாட்டினார். தர்பங்கா மகாராஜாவின் கொடையால் நூல்நிலையத்திற்கும் ஒரு கட்டிடம் எழுந்தது.

கொடையாளருக்கும் நிபந்தனை உண்டு, அரசாங்கத்துக்கும் நிபந்தனை உண்டு. இரண்டிற்கும் வேற்றுமை என்னை என்று ஒருவர் வினவலாம். பாலித்தும் கோஷும் ஒருமுறை நோக்கத்தைக் கூறி, பொருளைக் கொடுத்து, விலகி நின்றனர். நாள்தோறும் வந்து கதவைத் தட்டவில்லை. அதுவே வேற்றுமை.

ஆளறியும் கண்

பொருள் கிடைத்தாற் போதுமா? அதனை யார்மேற் செலவிடுவது என்பதிலேதான் ஒரு கழகத்தின் தரம் நிலைபெறுகிறது. இத்துறையில் அசுதோஷுக்கு ஒப்பாவார் அரியர்.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த தமிழ் இளைஞர் ஒருவர் 1907ஆம் ஆண்டு முதல் கல்கத்தாவில் அரசாங்கப் பொருட்கணக்கு இலாகாவில் உயர்ந்த உத்தியோகம் பார்த்து வந்தார். பகலெல்லாம் கணக்குத் தணிக்கை. காலையும் மாலையும், நாம் முன்னர்க் கண்ட இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஒளியையும் ஒலியையும் பற்றிய ஆராய்ச்சி. அவர்தாம் ஸி. வி. இராமன். அவரைப் பாலித் பௌதிகப் பேராசிரியராக அசுதோஷ் அழைத்தார். ஊதியம் அரசாங்கத்தில் அவர் பெற்றதனினும் குறைவு. மேலும், வெளிநாட்டிற் பயிற்சி பெற்றவரே அப்பதவிக்கு உரியர் என்ற விதியும் குறுக்கே நின்றது. பயிற்சிக்காகக் கடல் கடந்து செல்ல இராமன் இசையவில்லை. அசுதோஷ் விதியை நெகிழ்த்தினாரேயன்றி ஆளை விடவில்லை. 1917ஆம் ஆண்டில் இராமன் உத்தியோகத்தைத் துறந்து பேராசிரியரானார். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அவர் கண்ட ஒளிச்சிதறல் உண்மை, 1930ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசைத் தேடித் தந்தது. அதனைக் காண அசுதோஷ் உயிரோடில்லை.

திருத்தணியிற் பிறந்து, வேலூர் ஊரீஸ் கலாசாலையிலும் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணனை மைசூரிலிருந்து வரவழைத்து, 1921ஆம் ஆண்டில் தத்துவப் பேராசிரியராக அமர்த்தியவரும் அசுதோஷே. மிஷன் கலாசாலையிற் பயின்ற அவ்வறிஞர் 1962ஆம் ஆண்டில் இந்தியக் குடியரசின் தலைவரானார். இரசாயனத்தில் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய், இளைஞரான மேகநாத் சாஹா, சத்தியேந்திரநாத் போஸ் முதலியோரும் அவரால் விஞ்ஞானக் கலாசாலைக்கு வந்தவர்களே. கல்கத்தாவில் இளமையிலேயே பணியேற்ற சாஹா 1920ஆம் ஆண்டிலேயே விண்மீன்களின் ஒளியைப் பற்றிய தம் ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்றார்.

இராமன் தஞ்சையாரா திருச்சியாரா, இராதாகிருஷ்ணன் வங்காளியா அல்லரா என்று அசுதோஷ் பார்க்கவில்லை. இருந்த பொருள் சிறிது; அதனை ஆட்களின் மேற் செலவிட்டார். வெறுங் கட்டிடங்களை எழுப்பிவிட்டு உள்ளே ஆசிரியரில்லாமல் விட்டிருப்பின், கல்கத்தாவின் பெயரை இன்று யார் நினைப்பர்?

வரத்தில் இருந்த குறை

1917ஆம் ஆண்டில் எம்.ஏ., எம்.எஸ்ஸி. வகுப்புக்கள் அனைத்தையும் பல்கலைக் கழகமே ஏற்று நடத்தும் ஏற்பாடு நிறைவேறிற்று. பாடங்கள் பெருகின, ஆசிரியர் தொகையும் பெருகிற்று. இந்திய மொழிகளுக்கும் 1919ஆம் ஆண்டில் எம்.ஏ. வகுப்பு ஏற்பட்டது. இவற்றிற்கெல்லாம் பொருள் எங்கிருந்து வந்தது? கொடைகளின் வட்டி ஒரு பங்கு. பெரும்பங்கு, மெட்ரிகுலேஷன் முதலிய பரீட்சைகளுக்கு மாணவர் கட்டிய கட்டணமே. வங்கத்துச் சிற்றூர்ப் பையன் கட்டிய பணத்தால் கல்கத்தாவில் ஆராய்ச்சி நடந்தது.

இதனிலுள்ள இடரை மறைத்தல் தகாது. பரீட்சைக்கு வருவோர் தொகையைப் பொறுத்தே கழகத்தின் வருமானம் நிற்குமாயின், பரீட்சையைக் கடுமையாக்கக் கழகத்துக்குக் கை வருமா? கல்கத்தாவில் தேர்ச்சி பெறுவோர் தொகை மிகுந்து கொண்டே செல்கிறது, தரம் தாழ்கிறது என்று பலர் குறைகூறினர். லீட்ஸ் பல்கலைக் கழகத் துணைவேந்தர் மைக்கேல் ஸாட்லர் தலைமையில் 1917 முதல் 1919 வரை ஆராய்ந்த கமிஷனில் அசுதோஷும் ஓர் உறுப்பினர். பரீட்சைச் சுமையாற் பல்கலைக் கழகம் நசுங்குகின்றது, மெட்ரிகுலேஷனையும் இன்டர்மீடியட்டையும் வேறொரு சபையிடம் ஒப்புவிக்க வேண்டும் என்று அக்கமிஷன் கூறிற்று. நல்ல யோசனைதான். ஆனால் அக்கட்டணம் போய்விடின் மேல்வகுப்புக்களை எதனைக் கொண்டு நடத்துவது? அதற்கு ஈடாக அரசாங்கம் பொருள் தந்தாலன்றி அச்சீர்திருத்தம் நிறைவேறுவதற்கு வழியில்லை. பொருள் வரவில்லை, சீர்திருத்தமும் ஏட்டளவில் நின்றது.

இரண்டரை இலட்சம்

1921ஆம் ஆண்டில் அசுதோஷ் மீண்டும் துணைவேந்தரானார். அவ்வாண்டு அவருக்கு நல்ல ஆண்டாக அமையவில்லை. ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவி, மாணவர் பலர் பள்ளிகளையும் பரீட்சைகளையும் விட்டு விலகினர். கட்டண வருமானம் சடுதியிற் குறைந்தது. வங்கத்திலேயே டாக்கா நகரில் அரசாங்க ஆதரவோடு புதிய பல்கலைக் கழகம் அவ்வாண்டு ஜூலை மாதத்திற் திறக்கப்பட்டது. சத்தியேந்திரநாத் போஸ் அங்குச் சென்றுவிட்டார். கல்கத்தாவிற் கணக்கில் பெருந்துண்டு விழுந்தது. ஆசிரியர் சம்பளம் மாதக் கணக்கில் பாக்கியாக நின்றது.

இரட்டையாட்சி முறையின்படி கல்வி இலாகா அப்பொழுதுதான் இந்திய மந்திரியிடம் வந்திருந்தது. சட்டசபையிற் பல்கலைக் கழகத்தின் செலவைப் பற்றிக் கடுமையான விவாதங்கள் நிகழ்ந்தன. ஆலோசனையின்றி வகுப்புக்களைப் பெருக்கியதே இடருக்குக் காரணம் என்று மந்திரியின் கட்சியார் கூறினர். அரசாங்கத் தணிக்கையாளர் வந்து கணக்குக்களைப் பரிசோதித்தனர். முடிவில் 1922ஆம் ஆண்டில் இரண்டரை இலட்சம் ரூபாய் மானியம் தருவதாக அரசாங்கம் எழுதிற்று. அத்துடன் சில நிபந்தனைகளும் வந்தன. கழகத்தின் நிலை சீர்ப்படும்வரை புதிய செலவுக்கு இடமான எதனையும் தொடங்கலாகாது. மாதந்தோறும் கணக்கை அரசாங்கத்திற்கு அனுப்ப வேண்டும். இவை போல்வன பிற.

பசித்தவன் முன் வைத்த சோறு அது. ஆசிரியர் பலர் குடும்பஸ்தர். சம்பளமின்றிக் கடன்பட்டுக் காலங் கழித்தவர். பணத்தை வாங்கிக் கொண்டால் அவர்கள் துன்பம் அன்றே தீரும். அவ்வாண்டு டிசம்பர் மாதத்திற் செனெட் சபை கூடிற்று. பல்கலைக் கழகத்தின் உரிமையை இழந்து பெறும் மானியம் வேண்டா என்று அசுதோஷ் நெடுநேரம் முழங்கினார். ஊதியம் இல்லாவிடினும் வீடுவீடாகச் சென்று பிச்சையெடுத்தேனும் கழகத்தை நடத்துவோம், அடிமைப்பட்டு நடத்தோம் என்பது அவர் துணிபு. சபை அவரோடு நின்றது, மானியம் மறுக்கப்பட்டது. பிரபுல்ல சந்திர ராய் போன்ற ஆசிரியர்களின் தியாகமும் அவருக்கு வலியாக நின்றது. ராய் தமக்கு அறுபது வயது நிரம்பிய 1921ஆம் ஆண்டு முதல் தம் சம்பளம் முழுவதையும் பல்கலைக் கழகத்துக்கே விட்டுக் கொடுத்தவர்.

இரு திறத்தார் வழக்கையும் நடுநின்று நோக்குவோம். சங்கரன்கோவில் தலவரலாற்றில் சங்கன், பதுமன் என்னும் இரு நாகர்கள், ஒருவன் அரனே பெரியன் என்றும், மற்றவன் அரியே பெரியன் என்றும் வழக்கிட்டனராம். முடிவில் ஒரே திருமேனியில் இருபாதியும் தோன்றக் கண்டு வழக்கொழிந்தனராம். கல்கத்தா வழக்கும் அத்தகையதே. அரசாங்கம் கணக்கே பெரிதென்றது. பல்கலைக் கழகம் உரிமையே பெரிதென்றது. இரண்டும் ஓருடம்பின் இருபாதி என்பதை இருவரும் மறந்தனர்.

ஊரார் வரிப்பணத்தைப் பெறும் கழகம், செலவிட்ட ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது. இதில் ஐயமில்லை. ஆனால் செலவிட்ட பின் கணக்குக் கேட்பது வேறு. எதனைக் கற்பிக்கலாம், எதனைத் தொடங்கலாம் என்று முன்னரே கையைக் கட்டுவது வேறு. முன்னது தணிக்கை, பின்னது ஆட்சி. அசுதோஷ் மறுத்தது பின்னதையே. அவ்வளவில் அவர் செய்தது சரியே என்பது என் எண்ணம். ஆயினும், நிலையற்ற கட்டணத்தை நம்பி நிலையான செலவுகளை ஏற்றுக் கொண்டது அவர் ஏற்பாட்டிலிருந்த குறை என்பதையும் ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும். மழை பொய்த்த ஆண்டில், குளத்தைக் குறை கூறிப் பயன் என்ன? அதன் கீழ் எவ்வளவு நிலம் பயிரிட்டோம் என்பதையும் பார்த்தல் வேண்டும்.

மறுப்பின் விலையையும் நாம் அறிதல் வேண்டும். கைரா நிதியின் பேராசிரியராகியிருந்த மேகநாத் சாஹா, ஆராய்ச்சிச் சாலைக்கு வேண்டிய பொருள் கிட்டாமையால் 1923ஆம் ஆண்டில் அலகாபாத்துக்குச் சென்றுவிட்டார். பொருட்குறை ஏற்படின் முதலிற் போவது கட்டிடமன்று, ஆசிரியனே.

கவர்னரின் கடிதம்

1923ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அசுதோஷின் பதவிக்காலம் முடியும் தறுவாயில் இருந்தது. வங்கக் கவர்னர் லிட்டன் பிரபு அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பல்கலைக் கழகத்தைப் பற்றி அரசாங்கம் கொணரும் மசோதாக்களை எதிர்ப்பதை விடுத்து ஒத்துழைப்பதாக உறுதி கூறின், மீண்டும் பதவி அளிப்பதாக அதிற் குறித்திருந்தார். அசுதோஷ் காலந் தாழ்த்தவில்லை. தம் மனச்சாட்சியை அடகு வைத்துப் பெறும் பதவி தமக்கு வேண்டாவென்று விரிவாக விடை எழுதினார். அக்கடிதங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தபொழுது நாடு முழுவதும் வியந்து நின்றது. ஹைகோர்ட்டு நீதிபதி ஒருவர் கவர்னருக்கு அவ்வாறு எழுதுவார் என்று எவரும் எதிர்பார்த்ததில்லை.

முடிவு

அவ்வாண்டிலேயே அசுதோஷ் நீதிபதிப் பதவியினின்றும் ஓய்வு பெற்றார். காலஞ்சென்ற தம் மகள் கமலாவின் நினைவாகச் சொந்தப் பொருளைக் கொண்டு பல்கலைக் கழகத்திற் சொற்பொழிவு வரிசை ஒன்றை நிறுவினார். இளமையிற் கணவனை இழந்த அம்மகளுக்கு, சுற்றத்தார் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது, 1908ஆம் ஆண்டில் மறுமணம் செய்து வைத்தவர் அவர். பின்னர் ஒரு வழக்கின் பொருட்டுப் பாட்னாவுக்குச் சென்றவிடத்தில் நோயுற்று, 1924ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் தமது அறுபதாம் வயது நிரம்புமுன் காலமானார். உடல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நகரமே திரண்டு வந்து அழுதது. வாழ்நாளெல்லாம் அவர் சேர்த்த நூல்கள் ஏறக்குறைய எண்பதினாயிரம். அவற்றை அவர் குடும்பத்தார் பின்னர்த் தேசிய நூல்நிலையத்துக்கு அளித்து விட்டனர்.

நாம் கொள்ள வேண்டுவது

அசுதோஷ் மறைந்து நூறாண்டு கடந்தும் அவர் எதிர்த்து நின்ற இடர் ஒழியவில்லை. நம் தமிழ்நாட்டையே பாருங்கள். ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் பெருங்கொடையால் 1929ஆம் ஆண்டில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக் கழகம், அளவுக்கு மிஞ்சிய ஊழியர் தொகையாற் பொருள்முட்டுப்பாடு அடைந்து, 2013ஆம் ஆண்டில் அரசின் நேர் நிருவாகத்துக்குள் வந்தது. அங்கு மிகையாயிருந்தோர் பல்லாயிரவர் வேறு அரசு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். இராமானுஜனுக்கு உதவிய சென்னைப் பல்கலைக் கழகத்தின் வங்கிக் கணக்குகள் வரிப்பாக்கி காரணமாக 2024ஆம் ஆண்டில் வருமானவரி இலாகாவால் முடக்கப்பட்டன. மடை ஒழுகினாலும் பயிர் வாடும். வரத்துக்கால் தூர்ந்தாலும் பயிர் வாடும்.

மாணவ நண்பர்களே! நெல்லைச் சீமைக் கலாசாலைகளிற் பயிலும் நாம் ஆண்டுதோறும் 1990ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகத்துக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டுகின்றோம். கரிசற்காட்டில் களை பறித்தும், தறியில் நெய்தும் நம் பெற்றோர் தேடிய பணம் அது. கட்டிவிட்டோம், நம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறோம். அப்பணம் ஓர் ஆசிரியரின் ஊதியமாகிறதா, ஒரு நூலாகிறதா, ஒரு கருவியாகிறதா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. அறிந்து கொள்ளும் கடமையும் உண்டு. பல்கலைக் கழகத்தின் வரவு செலவுத் திட்டம் குமாஸ்தாக்களுக்குரிய வறண்ட ஏடு என்று எண்ணற்க. நாளை நமக்கு யார் கற்பிப்பார், எதனைக் கற்பிப்பார் என்பது அவ்வேட்டிலேதான் முதலில் எழுதப்படுகிறது.

ஒரு வரி ஒதுக்கப்படாமையால் தாம் இழந்த வாழ்வை, பிறர் இழவாதிருக்கப் பாடுபட்டவர் அசுதோஷ் முக்கர்ஜி. நம்முள்ளும் நாளை சிலர் செனெட் சபைகளிலும், கணக்கு இலாகாக்களிலும், சட்டசபையிலும் அமரக்கூடும். அன்று கணக்கேட்டைத் திறக்குங்கால், தொகைகளுக்குப் பின்னே நிற்கும் முகமறியா மாணவன் ஒருவனை நினைத்து எழுதுவோமாக. அதுவே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் கைம்மாறாகும். அன்னார் புகழ் நீடு வாழ்க!